எக்சிமா அழற்சியில் தோல் பாக்டீரியாக்களின் பங்கு

எக்சிமா என்பது தோல் வறண்டு, தடித்து, கடும் அரிப்புடன் அழற்சி கொள்ளும் நாட்பட்ட நோயாகும். தமிழில் இது கரப்பான் எனவும் வழங்கப்படுகிறது. எக்சிமா என்பது பலவகைத் தோலழற்சிகளுக்குப் பொதுப்பெயராகும். அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அட்டோப்பிக் தோலழற்சி எனப்படும் ஒவ்வாமைசார் தோலழற்சி ஆகும். இக்கட்டுரையில் எக்சிமா என்னும் சொல் இவ்வகையையே குறிக்கிறது.

எக்சிமா உள்ளவர்களின் தோலில் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா மிகுதியாகப் பெருகிக் காணப்படுகிறது. இப்பாக்டீரியா வெளியிடும் நச்சுப் பொருட்களும் நொதிகளும் தோலின் காப்பரணைச் சிதைத்து, நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டி, அரிப்பை மிகுவிக்கின்றன. எனினும் எக்சிமா ஒரு தொற்றுநோய் அன்று. பாக்டீரியா இந்நோயின் ஒரே காரணமும் அன்று. நோயின் வெறும் விளைவும் அன்று. நலிந்த தோல், பெருகும் பாக்டீரியா, அழற்சி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சியாகவே இந்நோய் இன்று விளக்கப்படுகிறது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளால் மட்டும் எக்சிமா குணமாகாமல் இருப்பதற்கான காரணமும் இச்சுழற்சியிலேயே அடங்கியுள்ளது.

நோயின் இயல்பு

எக்சிமா பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், ஐந்து வயதிற்கு முன்னரே தொடங்குகிறது. கைக்குழந்தைகளுக்குக் கன்னங்களிலும் தலையிலும் கை, கால்களின் வெளிப்புறத்திலும் தோன்றும். வளர்ந்த குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் முழங்கையின் உட்புற மடிப்பு, முழங்காலின் பின்புற மடிப்பு, கழுத்து, மணிக்கட்டு ஆகிய இடங்களில் மிகுதியாகத் தோன்றும். வளர்ச்சியடைந்த நாடுகளில் குழந்தைகளில் 15 முதல் 20 விழுக்காட்டினர் வரை இந்நோய்க்கு ஆளாகின்றனர்.

நோய் சில காலம் தணிந்தும் சில காலம் சீறியும் மாறி மாறி வரும். சீற்றக் காலத்தில் தோல் சிவந்து நீர் கசியலாம். கருநிறத் தோலில் இச்சிவப்பு தெளிவாகத் தெரிவதில்லை. மாறாகக் கருஞ்சிவப்பாகவோ சாம்பல் நிறமாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும். இதனால் கருநிறத் தோல் உடையவர்களிடம் நோயின் கடுமை குறைத்து மதிப்பிடப்படுவதுண்டு. அரிப்பினால் உறக்கம் கெடுவதும், சொறிவதால் தோல் மேலும் புண்ணாவதும் நோயாளிகளைப் பெரிதும் வருத்துகின்றன.

நலமான தோலில் வாழும் பாக்டீரியாக்கள்

நலமான மனிதத் தோலும் பாக்டீரியாக்கள் அற்றது அன்று. தோலின் ஒவ்வொரு பகுதியிலும் அதன் ஈரப்பதத்திற்கும் எண்ணெய்ப் பசைக்கும் ஏற்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. முகம், முதுகு போன்ற எண்ணெய்ப் பசையுள்ள இடங்களில் கியூட்டிபாக்டீரியம் ஏக்னஸ் மிகுந்துள்ளது. முழங்கை மடிப்பு, அக்குள் போன்ற ஈரமான இடங்களில் ஸ்டாஃபைலோகாக்கஸ், கொரினிபாக்டீரியம் ஆகிய பேரினங்கள் மிகுந்துள்ளன. இவற்றுடன் மலசீசியா என்னும் பூஞ்சையும் தோலில் வாழ்கிறது. இவ்வுயிரிகள் அனைத்தும் சேர்ந்த தொகுதி தோல் நுண்ணுயிர்த்தொகுதி எனப்படுகிறது.

ஸ்டாஃபைலோகாக்கஸ் பேரினத்தில் பல இனங்கள் உள்ளன. அவற்றுள் ஸ்டாஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், ஸ்டாஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் ஆகியவை நலமான தோலில் இயல்பாக வாழ்பவை. இவற்றின் சில வகைகள் பிற பாக்டீரியாக்களைக் கொல்லும் சிறு புரதங்களைச் சுரந்து, தோலுக்குக் காவலாக விளங்குகின்றன.

ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் (இனிச் சுருக்கமாக ஆரியஸ்) இவற்றிலிருந்து வேறுபட்டது. மனிதர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் இதனை மூக்கின் உட்புறத்தில் எவ்வித நோயுமின்றித் தாங்கியுள்ளனர். ஆனால் நலமான தோலின் பரப்பில் இது நிலையாகத் தங்குவது அரிது. தோலில் புண் உண்டாகும்போது சீழ்க்கட்டி முதலிய தொற்றுகளை இது உருவாக்குகிறது.

வரலாறு

ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், 1880 ஆம் ஆண்டு சீழ்க்கட்டிகளிலிருந்து எடுத்த சீழை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, திராட்சைக் கொத்துப் போன்று திரண்டிருந்த உருண்டை வடிவ நுண்ணுயிர்களைக் கண்டார். திராட்சைக் கொத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஸ்டாஃபைலோகாக்கஸ் என்னும் பெயரை அவர் அமைத்தார். 1884 ஆம் ஆண்டு செருமானிய மருத்துவர் ஃபிரெட்ரிக் ஜூலியஸ் ரோசன்பாக், பொன்மஞ்சள் நிறத்தில் வளரும் வகையைப் பிரித்தறிந்து அதற்கு ஆரியஸ் எனப் பெயரிட்டார். இலத்தீன் மொழியில் ஆரியஸ் என்பது பொன்னிறமானது எனப் பொருள்படும்.

அட்டோப்பிக் தோலழற்சி என்னும் பெயர் 1933 ஆம் ஆண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்களான ஃபிரெட் வைஸ், மேரியன் சல்ஸ்பெர்கர் ஆகியோரால் முன்மொழியப்பட்டது. இந்நோய்க்கும் ஆரியசுக்கும் உள்ள தொடர்பு 1974 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வினால் உறுதிப்பட்டது. ஜேம்ஸ் லைடன், ரிச்சர்டு மார்ப்பிள்ஸ், ஆல்பர்ட் கிளிக்மன் ஆகியோர் நோயாளிகளின் தோற்புண்களை ஆராய்ந்து, அவற்றுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் ஆரியஸ் இருப்பதைக் கண்டறிந்தனர்.

அக்காலத்தில் பாக்டீரியாக்களை ஆய்வகத்தில் வளர்த்தே இனங்காண முடிந்தது. பின்னர் வந்த மரபணு வரிசை அறியும் முறைகளால், வளர்க்கப்படாமலேயே தோலில் உள்ள அனைத்துப் பாக்டீரியாக்களையும் கணக்கிட முடிந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த ஹைடி காங், ஜூலியா செக்ரே ஆகியோரின் குழு 2012 ஆம் ஆண்டு இம்முறையில் எக்சிமா உள்ள 12 குழந்தைகளை ஆராய்ந்தது. நோய் சீறுவதற்கு முன் தோல் பாக்டீரியாக்களில் ஏறத்தாழ 35 விழுக்காடாக இருந்த ஸ்டாஃபைலோகாக்கஸ் பேரினம், மருந்திடப்படாத சீற்றத்தின்போது ஏறத்தாழ 90 விழுக்காடாக உயர்ந்தது. பிற பாக்டீரியாக்களின் பன்மை வெகுவாகக் குறைந்தது. சிகிச்சைக்குப் பின் அப்பன்மை மீண்டது.

2016 ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதுவரை வெளிவந்த 95 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அதன்படி நோயாளிகளின் புண்ணுள்ள தோலில் 70 விழுக்காட்டிலும், அதே நோயாளிகளின் புண்ணற்ற தோலில் 39 விழுக்காட்டிலும் ஆரியஸ் காணப்பட்டது.

ஆரியஸ் பெருகுவதற்கான காரணங்கள்

நலமான தோலில் தங்க இயலாத பாக்டீரியா, எக்சிமா உள்ள தோலில் மட்டும் பெருகுவதற்குப் பின்வரும் காரணங்கள் கூறப்படுகின்றன.

காப்பரண் குறைபாடு: தோலின் மேற்புறத்தில் இறந்த, தட்டையான உயிரணுக்களாலான கொம்புப் படலம் உள்ளது. உயிரணுக்கள் செங்கற்களைப் போலவும், அவற்றுக்கிடையே உள்ள கொழுப்புப் பொருட்கள் சாந்தைப் போலவும் அமைந்து, உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும் வெளியிலுள்ள பொருட்கள் உட்புகாமலும் காக்கின்றன. இப்படலத்தைக் கட்டமைக்கும் முதன்மைப் புரதங்களுள் ஒன்று ஃபிலாக்ரின் ஆகும். ஃபிலாக்ரின் மரபணுவில் ஏற்படும், அப்புரதத்தைச் செயலிழக்கச் செய்யும் மாற்றங்கள் எக்சிமாவிற்கு வலுவான காரணியாக இருப்பதை ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இர்வின் மெக்லீனும் அவரது குழுவினரும் 2006 ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

அமிலத்தன்மை குறைதல்: நலமான தோலின் பரப்பு சற்று அமிலத்தன்மை உடையது. 1928 ஆம் ஆண்டு செருமானிய மருத்துவர்கள் ஹைன்ரிக் ஷாடே, ஆல்ஃபிரட் மர்க்கியோனினி ஆகியோர் இதனை அமிலப் போர்வை எனக் குறிப்பிட்டனர். ஃபிலாக்ரின் சிதைவதால் உண்டாகும் யூரோகானிக் அமிலம் முதலிய பொருட்கள் இவ்வமிலத்தன்மைக்கும் தோலின் ஈரப்பதத்திற்கும் துணை செய்கின்றன. இப்பொருட்கள் உள்ள சூழலில் ஆரியஸ் மெதுவாக வளர்கிறது. தோலில் ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் புரதங்களையும் குறைவாகவே உருவாக்குகிறது. எக்சிமாவில் இப்பொருட்கள் குறைந்து தோலின் அமிலத்தன்மை தணிவது ஆரியசுக்குச் சாதகமாகிறது.

தோலின் சொந்தத் தற்காப்பு குறைதல்: தோலின் உயிரணுக்கள் நுண்ணுயிர்களைக் கொல்லும் சிறு புரதங்களைத் தாமே உருவாக்குகின்றன. சோரியாசிஸ் என்னும் மற்றொரு தோலழற்சியில் இவை மிகுதியாகச் சுரக்கின்றன. எக்சிமாவில் அந்த அளவிற்குச் சுரப்பதில்லை. எல்எல்-37, பீட்டா-டிஃபென்சின்-2 ஆகிய இரு புரதங்களின் அளவில் உள்ள இவ்வேறுபாடு 2002 ஆம் ஆண்டு எடுத்துக்காட்டப்பட்டது. இரு நோய்களிலும் காப்பரண் குலைந்தாலும், சோரியாசிசைக் காட்டிலும் எக்சிமாவில் ஆரியஸ் தொற்று மிகுதியாக இருப்பதற்கு இது ஒரு விளக்கமாகும்.

அழற்சியின் வகை: எக்சிமாவில் டி2 வகை அழற்சி எனப்படும் ஒவ்வாமை சார்ந்த அழற்சி மேலோங்கியுள்ளது. இதில் இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 என்னும் செய்திப் புரதங்கள் சுரக்கின்றன. இவை ஃபிலாக்ரின் உருவாவதையும் மேற்கூறிய தற்காப்புப் புரதங்கள் உருவாவதையும் குறைக்கின்றன. எனவே ஃபிலாக்ரின் மரபணுவில் குறையேதும் இல்லாதவர்களிடமும் அழற்சியே தோலை நலிவடையச் செய்து பாக்டீரியாவிற்கு இடமளிக்கிறது.

சொறிதல்: நகத்தால் சொறிவதால் உண்டாகும் கீறல்கள் காப்பரணை மேலும் உடைத்து, பாக்டீரியா ஆழமான அடுக்குகளைச் சென்றடைய வழி செய்கின்றன.

அழற்சியைத் தூண்டும் வழிகள்

ஆரியஸ் தோலில் பெருகியபின் பல வழிகளில் அழற்சியைத் தூண்டுகிறது.

நச்சுப் புரதங்கள்

ஆரியசின் டெல்டா நச்சு, தோலிலுள்ள மாஸ்ட் உயிரணுக்களைத் தூண்டி, அவற்றில் சேமிக்கப்பட்டுள்ள ஹிஸ்டமின் முதலிய பொருட்களை வெளியேறச் செய்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேபிரியல் நூனியஸ் குழுவினர் 2013 ஆம் ஆண்டு எலிகளைக் கொண்டு இதனை விளக்கினர். டெல்டா நச்சை உருவாக்க இயலாத ஆரியஸ் வகையைத் தோலில் இட்டபோது எலிகளுக்கு ஏற்பட்ட அழற்சி மிகக் குறைவாக இருந்தது. ஆல்ஃபா வகையைச் சேர்ந்த மற்றொரு நச்சுப் புரதத் தொகுதி, தோலின் உயிரணுக்களைச் சேதப்படுத்தி இன்டர்லூக்கின்-36 என்னும் செய்திப் புரதத்தை வெளியிடச் செய்து அழற்சியை வளர்ப்பது 2017 ஆம் ஆண்டு எலிகளில் கண்டறியப்பட்டது.

இந்நச்சுகளை ஆரியஸ் எப்போதும் சுரப்பதில்லை. ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சிறு சமிக்ஞைப் பொருளை வெளியிடுகிறது. பாக்டீரியாக்கள் அடர்ந்து பெருகும்போது அப்பொருளின் செறிவும் உயர்கிறது. அது குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் நச்சு உருவாக்கும் மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. கூட்டத்தின் அளவை உணரும் இவ்வமைப்பு ஏஜிஆர் எனப்படுகிறது. எனவே சிறு எண்ணிக்கையில் தீங்கின்றி இருக்கும் ஆரியஸ், பெருகியபின் தீங்கிழைக்கிறது.

சூப்பர் ஆன்டிஜென்கள்

வழக்கமாக ஒரு நோய்க்கிருமி உடலில் நுழையும்போது, அதனை அடையாளம் காணும் சில டி உயிரணுக்கள் மட்டுமே தூண்டப்படுகின்றன. ஆரியசின் சில நச்சுகள் இந்த அடையாளம் காணும் முறையைத் தவிர்த்து, பெருந்திரளான டி உயிரணுக்களை ஒரே நேரத்தில் தூண்டிவிடுகின்றன. இவை சூப்பர் ஆன்டிஜென்கள் எனப்படுகின்றன. மேலும், பல எக்சிமா நோயாளிகளின் குருதியில் இந்நச்சுகளுக்கு எதிரான ஐஜிஈ வகை எதிர்ப்பொருட்கள் உள்ளன. டொனால்டு லியுங் குழுவினர் இதனை 1993 ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஐஜிஈ என்பது ஒவ்வாமையில் பங்குபெறும் எதிர்ப்பொருள் ஆகும். அதாவது, இந்நோயாளிகளின் உடல் பாக்டீரியாவின் நச்சையே ஓர் ஒவ்வாமைப் பொருளாகவும் கொள்கிறது.

நொதிகளும் அரிப்பும்

ஆரியஸ் புரதங்களைச் சிதைக்கும் நொதிகளையும் சுரக்கிறது. இவை கொம்புப் படலத்தின் பிணைப்புகளை அறுத்துக் காப்பரணைத் தளர்த்துகின்றன. எக்சிமாவின் அரிப்பு அழற்சியால் மட்டுமே உண்டாவதாக நெடுங்காலம் கருதப்பட்டது. 2023 ஆம் ஆண்டு ஆர்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஐசக் சியூ குழுவினர், ஆரியஸ் சுரக்கும் வி8 என்னும் நொதி அரிப்பை உணரும் நரம்புகளை நேரடியாகத் தூண்டுவதை எலிகளில் கண்டறிந்தனர். இந்நொதி நரம்பணுவின் பரப்பிலுள்ள பார்1 என்னும் ஏற்பியின் ஒரு பகுதியை வெட்டுகிறது. அதனால் ஏற்பி இயங்கி அரிப்புணர்வு மூளைக்குச் செல்கிறது. இதே ஏற்பி குருதித் தட்டுகளிலும் உள்ளது. குருதி உறைவதைத் தடுப்பதற்காக ஏற்கனவே பயன்பாட்டிலிருந்த வோராபாக்சார் என்னும் மருந்து இவ்வேற்பியை அடைக்கக்கூடியது. அம்மருந்தைக் கொடுத்தபோது எலிகளின் அரிப்பு குறைந்தது. இது எக்சிமா மருந்தாக ஏற்கப்பட்டதன்று. எனினும் அரிப்பைத் தடுக்கும் புதிய வழிகளுக்கு இக்கண்டுபிடிப்பு அடிப்படையாக அமைந்துள்ளது.

காரணமா, விளைவா?

நலிந்த தோலில் ஆரியஸ் பெருகுகிறதா, ஆரியஸ் பெருகுவதால் தோல் நலிகிறதா என்பது இத்துறையின் முதன்மையான வினாவாகும். இதற்கு இருபுறமும் சான்றுகள் உள்ளன.

பாக்டீரியா காரணமாகலாம் என்பதற்கான சான்றுகள்:

- 2015 ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த கெய்சுகே நாகாவ் குழுவினர், ஆடம்17 என்னும் நொதி தோலில் குறைபட்ட எலிகளை ஆராய்ந்தனர். இவ்வெலிகளுக்கு எக்சிமா போன்ற நோய் தோன்றியது. தோலில் ஆரியசும் ஒரு கொரினிபாக்டீரியமும் மேலோங்கின. நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து கொடுத்தபோது அழற்சி நீங்கியது; நிறுத்தியபோது நோய் திரும்பியது.
- 2017 ஆம் ஆண்டு எக்சிமா உள்ள குழந்தைகளின் தோலிலிருந்து எடுக்கப்பட்ட ஆரியஸ் கிளைவகைகள் எலிகளின் தோலில் இடப்பட்டபோது தோல் தடித்து அழற்சி உண்டானது. கிளைவகை என்பது ஓர் இனத்திற்குள்ளேயே மரபணுக்களால் சிறிது வேறுபட்ட பிரிவாகும். கடுமையான நோயுள்ள குழந்தை ஒவ்வொருவரிடமும் ஒரே ஆரியஸ் கிளைவகை மேலோங்கி இருந்தது.
- சுவிட்சர்லாந்தில் பிறப்பு முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 149 குழந்தைகளில், நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே தோலில் ஆரியஸ் குடியேறியிருந்ததாக 2017 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறியது.
- சப்பானியக் குழந்தைகளிடம் மேற்கொள்ளப்பட்டு 2020 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், ஏஜிஆர் அமைப்பு செயலிழந்த ஆரியஸ் வகைகள் எக்சிமா தோன்றாத குழந்தைகளிடமே காணப்பட்டன.

பாக்டீரியா விளைவாகலாம் என்பதற்கான சான்றுகள்:

- அயர்லாந்தில் மேற்கொள்ளப்பட்டு 2017 ஆம் ஆண்டிலேயே வெளியான மற்றோர் ஆய்வில், பின்னர் எக்சிமா தோன்றிய குழந்தைகளிடம் முன்கூட்டியே ஆரியஸ் குடியேற்றம் காணப்படவில்லை. மாறாக, இரண்டாம் மாதத்தில் தீங்கற்ற ஸ்டாஃபைலோகாக்கஸ் இனங்கள் தோலில் மிகுந்திருந்த குழந்தைகளுக்கு ஓராண்டு நிறைவில் எக்சிமா குறைவாகக் காணப்பட்டது.
- இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 ஆகியவற்றின் செயலைத் தடுக்கும் டுபிலுமாப் என்னும் மருந்து 2017 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அன்று. ஆயினும் இதனைப் பெற்றவர்களின் தோலில் ஆரியஸ் குறைந்து பிற பாக்டீரியாக்களின் பன்மை உயர்ந்தது.
- ஸ்டீராய்டு களிம்பு மட்டும் பூசப்பட்ட குழந்தைகளிடமும், புண்ணுள்ள தோலின் பாக்டீரியாத் தொகுதி நலமான தோலின் தொகுதியை ஒத்ததாக மாறியது 2016 ஆம் ஆண்டு அறியப்பட்டது.

இச்சான்றுகள் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. தோல் நலிவு, பாக்டீரியாப் பெருக்கம், அழற்சி ஆகியவை ஒரு வட்டமாக இயங்குகையில், எந்த இடத்தில் தொடங்கினாலும் வட்டம் முழுவதும் இயங்கத் தொடங்கும். எந்த இடத்தில் தடுத்தாலும் மற்றவை ஓரளவு தணியும். நோய் எங்கிருந்து தொடங்குகிறது என்பது நோயாளிக்கு நோயாளி வேறுபடலாம்.

தோலில் ஆரியசின் படிமலர்ச்சி

ஆரியஸ் எக்சிமா உள்ள தோலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதும் கண்டறியப்பட்டுள்ளது. மெக்சிகோவைச் சேர்ந்த 23 குழந்தைகளின் தோலிலிருந்து பலமுறை எடுக்கப்பட்ட ஆரியஸ் மாதிரிகளின் மரபணுத்தொகுதிகள் ஆராயப்பட்டு, 2023 ஆம் ஆண்டு முடிவுகள் வெளியாயின. சிகிச்சை நடைபெற்ற மாதங்களிலேயே பாக்டீரியாவின் மரபணுக்களில் மாற்றங்கள் தோன்றி, மாற்றம் பெற்றவை பிறவற்றை வென்று பரவின. குறிப்பாக, பாக்டீரியாவைச் சுற்றியுள்ள சர்க்கரைப் பொருளாலான உறையை உருவாக்கும் கேப்டி என்னும் மரபணு, வெவ்வேறு குழந்தைகளிடம் தனித்தனியே செயலிழந்திருந்தது. குருதியில் வாழும்போது காப்பாக அமையும் இவ்வுறை, தோலில் ஒட்டி வாழ்வதற்குத் தடையாகிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கமாகும்.

சிகிச்சையில் இதன் தாக்கம்

நுண்ணுயிர் எதிர்ப்பிகள்

பாக்டீரியா அழற்சியைத் தூண்டுமாயின் அதனைக் கொன்றால் நோய் தணியும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் மருந்தாய்வுகள் இதனை முழுமையாக ஆதரிக்கவில்லை. தொற்று ஏற்பட்டதாகக் கருதப்பட்ட எக்சிமா உள்ள 113 குழந்தைகளைக் கொண்டு பிரித்தானியாவில் நடைபெற்று 2017 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், வாய்வழி நுண்ணுயிர் எதிர்ப்பியோ பூசும் நுண்ணுயிர் எதிர்ப்பியோ குறிப்பிடத்தக்க கூடுதல் பயனைத் தரவில்லை. இக்குழந்தைகள் அனைவரும் ஸ்டீராய்டு களிம்பும் ஈரப்பதக் களிம்பும் பெற்றிருந்தனர்; கடுமையான தொற்று உள்ளவர்கள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆரியசைக் குறைக்கும் முறைகளைப் பற்றிய 41 ஆய்வுகளைத் தொகுத்து 2019 ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் மீளாய்வும் இவற்றின் பயன் சிறிதே என்றோ உறுதியற்றது என்றோ கூறியது. ஆரியசை மட்டும் குறிவைத்துக் கொல்லும் ஒரு நொதி மருந்து 100 நோயாளிகளிடம் ஆராயப்பட்டு, அவர்களுக்குத் தேவைப்பட்ட ஸ்டீராய்டு களிம்பின் அளவை அது குறைக்கவில்லை என 2019 ஆம் ஆண்டு அறியப்பட்டது.

இதற்கான காரணம் மேற்கூறிய சுழற்சியே ஆகும். தோல் நலிந்தும் அழற்சி தொடர்ந்தும் இருக்கும் வரை, அழிக்கப்பட்ட பாக்டீரியா மூக்கிலிருந்தோ அருகிலுள்ள தோலிலிருந்தோ உடனிருப்போரிடமிருந்தோ மீண்டும் வந்து குடியேறுகிறது. நுண்ணுயிர் எதிர்ப்பிகள் நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் கொல்கின்றன. அடிக்கடி பயன்படுத்துவதால் மருந்துக்குக் கட்டுப்படாத ஆரியஸ் வகைகளும் உருவாகின்றன.

எனினும், தேன் நிறப் பொருக்கு, சீழ், பரவும் வீக்கம், காய்ச்சல் போன்ற தெளிவான தொற்று அறிகுறிகள் தோன்றும்போது மருத்துவர்கள் நுண்ணுயிர் எதிர்ப்பிகளைக் குறுகிய காலத்திற்குப் பரிந்துரைக்கின்றனர். அந்நிலையில் மருந்தைத் தவிர்ப்பது தீங்காகும்.

நீர்த்த வெளுப்புக் கரைசல் குளியல்

மிகவும் நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலில் (0.005 விழுக்காடு) வாரத்திற்கு இருமுறை சிறிது நேரம் குளிப்பது ஒரு துணைச் சிகிச்சையாகும். 2009 ஆம் ஆண்டு அமெரிக்காவில் 31 குழந்தைகளிடம் நடைபெற்ற ஆய்வு இதனால் நோயின் கடுமை குறைந்ததாகக் கூறியது. 2017 ஆம் ஆண்டு தொகுப்பாய்வு ஒன்று, வெறும் நீர்க் குளியலை விட இது மேலானதன்று எனக் கூறியது. 2022 ஆம் ஆண்டு வெளியான மற்றொரு தொகுப்பாய்வு ஓரளவு பயன் இருக்கக்கூடும் எனக் கருதியது. கடைகளில் விற்கப்படும் வெளுப்புக் கரைசல்களின் செறிவு வேறுபடுவதாலும், செறிவு மிகுந்தால் தோலும் கண்களும் புண்படும் என்பதாலும் மருத்துவரின் அறிவுரையின்றி இதனைச் செய்தல் கூடாது.

காப்பரணையும் அழற்சியையும் கவனித்தல்

ஈரப்பதக் களிம்புகளைத் தவறாது பூசுதலும், அழற்சி தோன்றும்போது மருத்துவர் கூறிய அளவில் ஸ்டீராய்டு களிம்பையோ டாக்ரோலிமஸ் போன்ற களிம்பையோ பயன்படுத்துதலும் எக்சிமா சிகிச்சையின் அடிப்படையாகும். இவை பாக்டீரியாவை நேரடியாகக் கொல்லாவிடினும், அது பெருகுவதற்கு ஏற்ற சூழலை மாற்றுகின்றன. எனவே அழற்சியைக் கட்டுப்படுத்தும் சிகிச்சையே பல நோயாளிகளுக்குப் பாக்டீரியாவைக் குறைக்கும் சிகிச்சையாகவும் அமைகிறது.

பாக்டீரியாவைக் கொண்டே சிகிச்சை

தீங்கற்ற பாக்டீரியாக்களைத் தோலில் பூசி ஆரியசைக் கட்டுப்படுத்தும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு காலோ, தெருவாக்கி நகாட்சுஜி ஆகியோரின் குழு, ஆரியசைக் கொல்லும் தீங்கற்ற ஸ்டாஃபைலோகாக்கஸ் வகைகள் எக்சிமா நோயாளிகளிடம் குறைவாக இருப்பதை 2017 ஆம் ஆண்டு வெளியிட்டது. நோயாளியின் தோலிலேயே உள்ள அத்தகைய பாக்டீரியாவை வளர்த்துக் களிம்பில் கலந்து மீண்டும் பூசியபோது ஆரியஸ் குறைந்தது. இக்குழு ஸ்டாஃபைலோகாக்கஸ் ஹோமினிசின் ஏ9 என்னும் கிளைவகையை 54 பெரியவர்களிடம் ஆராய்ந்து 2021 ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டது. ஆரியஸ் குறைந்தது, பாதுகாப்புக் குறைபாடும் தோன்றவில்லை. ஆனால் நோயின் கடுமையில் பங்கேற்றோர் அனைவரையும் சேர்த்துப் பார்க்கையில் தெளிவான முன்னேற்றம் காணப்படவில்லை.

ரோசியோமோனாஸ் மியூகோசா என்னும் மற்றொரு தோல் பாக்டீரியா, 2018 ஆம் ஆண்டு வெளியான 10 பெரியவர்களும் 5 குழந்தைகளும் கொண்ட சிறு ஆய்வில் நற்பயன் அளித்தது. ஆனால் அதே இனத்தை அடிப்படையாகக் கொண்ட மருந்து, 2021 ஆம் ஆண்டு நடந்து முடிந்த பெரிய இரண்டாம் கட்ட ஆய்வில் எதிர்பார்த்த பயனைக் காட்டவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு ஆய்வுகளின் முடிவுகளை எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

நன்மை செய்யும் பாக்டீரியா, தீமை செய்யும் பாக்டீரியா என்னும் பாகுபாடும் முழுமையானது அன்று. இயல்பாகத் தீங்கற்றதான ஸ்டாஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் கூட, எக்சிமா தோலில் மிகுதியாகப் பெருகும்போது, ஈசிபிஏ என்னும் நொதியைச் சுரந்து காப்பரணைச் சேதப்படுத்தக்கூடும் என்பது 2021 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது.

தவறான கருத்துகள்

- எக்சிமா ஒட்டுவாரொட்டி: இது தவறு. ஆரியஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லக்கூடும். ஆனால் அதனால் மற்றவருக்கு எக்சிமா உண்டாவதில்லை. நோயுள்ள குழந்தையைத் தூக்குவதையோ, அக்குழந்தையுடன் பிற குழந்தைகள் விளையாடுவதையோ தவிர்க்க வேண்டியதில்லை.
- தூய்மைக் குறைவால் வருவது: இது தவறு. ஆரியஸ் பெருகுவது தோலின் காப்பரண் நலிவினாலும் அழற்சியினாலும் ஆகும். கார சோப்பினால் அடிக்கடி தேய்த்துக் கழுவுவது தோலின் கொழுப்பையும் அமிலத்தன்மையையும் நீக்கி நோயை மிகுவிக்கும்.
- கிருமிநாசினி சோப்பே போதுமானது: இது தவறு. பாக்டீரியா சுழற்சியின் ஒரு பகுதி மட்டுமே. தோலை எரிச்சலூட்டும் கிருமிநாசினிகள் மற்ற இரு பகுதிகளையும் மோசமாக்கக்கூடும்.

இவற்றையும் பார்க்க

- தோல்
- அழற்சி
- ஒவ்வாமை
- சோரியாசிஸ்
- நுண்ணுயிர் எதிர்ப்பி